மூர்த்தி மாமா குரூப்ப விட்டு போயிட்டாரு

*மூர்த்தி மாமா குழுவிலிருந்து வெளியேறினார்*

கீதா அத்தை: யார்ரா அவர என்ன சொன்னது

ராணி அத்தை: நேத்து கிரவுண்டுல இருந்து வந்ததுல இருந்து மனுஷன் வாயே தொறக்கல. தோசை ஊத்தி வச்சேன் அதையும் தொடல

திவ்யா: கார்த்தி மன்கட் பண்ணிட்டான் 😂

கீதா அத்தை: அப்படின்னா?

திவ்யா: பந்தே போடாம, பவுலர் பக்கம் கோட்ட தாண்டி நின்ன மாமாவ ரன் அவுட் ஆக்கிட்டான்

கார்த்தி: அத்தை ரெண்டு தடவ சொன்னேன், கேக்கல, பாதி பிட்ச் ஓடிட்டாரு. 2022லயே இத ரூல் புக்குல அன்ஃபேர் பிளேல இருந்து எடுத்து சாதா ரன் அவுட்ல சேத்தாச்சு. 2019 ஐபிஎல்ல அஸ்வின் பட்லர இப்படி தூக்குனப்ப இதே மாமாதான் கை தட்டுனாரு

ராணி அத்தை: அது டிவில

செல்வம் பெரியப்பா: தம்பி ரூல் வேற பெருந்தன்மை வேற. 1999 ஜனவரி 31 சேப்பாக்கம், பாகிஸ்தான் கூட டெஸ்ட்டு, நமக்கு 271 வேணும், 82க்கு 5 போச்சு, சச்சின் முதுகு வலியோட 136 அடிச்சாரு, இன்னும் 17 ரன் தான், சக்லைன் பந்த தூக்கி அடிக்க போயி அக்ரம் கையில கேட்ச், அப்புறம் மீதி மூணு விக்கெட்டும் 4 ரன்ல பொலபொலன்னு போயி 12 ரன்ல தோத்தோம். வேற ஊரா இருந்தா என்ன ஆயிருக்கும்? மொத்த ஜனமும் எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு, பாகிஸ்தான் டீமு கிரவுண்ட சுத்தி வந்தானுங்க. தோத்தாலும் அப்படி தோக்கணும்டா. நாங்கல்லாம் அன்னைக்கு

கீதா அத்தை: அண்ணே நீங்க அன்னைக்கு நம்ம ஹால்ல ரிமோட்ட செவுத்துல எறிஞ்சீங்க

செல்வம் பெரியப்பா: கை தவறிருச்சு

கீதா அத்தை: ரப்பர் பேண்ட் போட்டு ரெண்டு வருஷம் ஓட்டுனோம்

திவ்யா: 🤣🤣

ராணி அத்தை: அது கெடக்கட்டும், ஞாயித்துக்கெழம கெடா வெட்டுக்கு வேன் இவருதான பேசிருக்காரு

கீதா அத்தை: அய்யோ ஆமா. எத்தன மணிக்கு? அட்வான்ஸ் குடுத்தாச்சா?

ராணி அத்தை: எனக்கெங்க தெரியும், என்கிட்டயும் பேசலயே

கீதா அத்தை: கார்த்தி போயி சாரி கேளு

கார்த்தி: அவுட்டுனு ஒத்துக்கிட்டா கேக்குறேன்

செல்வம் பெரியப்பா: பாத்தியா பாத்தியா

திவ்யா: பவுலர் பக்கம் ஸ்டம்புக்கு வச்சிருந்ததே மாமாவோட செருப்புதான் பெரியப்பா 😭

ராணி அத்தை: அதான் வெறுங்கால்ல வந்தாரா

கார்த்தி: ஒத்த செருப்பு என் பைக்ல இருக்கு. சாயங்காலம் கொண்டு வரேன்

ராணி அத்தை: இன்னொன்னு?

கார்த்தி: அது பேட்டிங் சைடு. நாய் தூக்கிருச்சு