அலிஸ்டர் மெக்லீன்: முதல் நாவல்களில் இருந்த உயிர் பின்னால் ஏன் இல்லை?

ஏடுதேடி (கேள்வி):
வணக்கம். பழைய புத்தகக் கடையில் கிடைத்த, ஸ்காட்லாந்து எழுத்தாளர் அலிஸ்டர் மெக்லீனின் ‘தி கன்ஸ் ஆஃப் நவரோன்’ நாவலை இரண்டே இரவில் படித்து முடித்தேன். அந்த ஆர்வத்தில் மெக்லீன் 1970களின் இறுதியில் எழுதிய இரண்டு நாவல்களையும் எடுத்தபோது, அவையும் ‘நவரோன்’ நாவலும் ஒரே கை எழுதியவைதாமா என்ற ஐயம் எழுந்துவிட்டது. அவருடைய வாழ்க்கையை அறிந்தவர்கள் இதற்கு விளக்கம் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கரையோரம் (மறுமொழி):
விடை அவர் பணியாற்றிய கப்பலில் இருக்கிறது என்பது என் எண்ணம். 1922இல் கிளாஸ்கோவில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்து, வடக்கே இன்வர்னஸ் அருகிலுள்ள டேவியட்டில் வளர்ந்த மெக்லீனுக்கு வீட்டு மொழி ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக். கோடிக்கணக்கானோர் படித்த ஆங்கிலம் அவருக்கு இரண்டாவதாக வாய்த்த மொழிதான். 1941இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து, ‘ராயலிஸ்ட்’ போர்க்கப்பலில் டார்பிடோ (நீருக்கடியில் பாயும் வெடிகணை) பிரிவில் பணிபுரிந்தபோது ஆர்க்டிக் கடலின் குளிரை உடம்பால் அறிந்தார். போருக்குப் பின் பள்ளி ஆசிரியராக இருந்தவர், 1954இல் ‘கிளாஸ்கோ ஹெரால்ட்’ சிறுகதைப் போட்டியில் முதல் பரிசாக 100 பவுண்டு பெற்றார். அதைப் படித்த காலின்ஸ் பதிப்பகத்தின் இயன் சாப்மன், நாவல் எழுதுமாறு தூண்டியதன் பயனே 1955இல் வெளிவந்த ‘எச்.எம்.எஸ். யுலிசிஸ்’.

அதில் ரால்ஸ்டன் என்ற இளம் மாலுமி, தீப்பற்றி எரியும் எண்ணெய்க் கப்பலொன்றை டார்பிடோவால் மூழ்கடிக்கும்படி கட்டளை பெறுகிறான். கட்டளையை நிறைவேற்றிய பிறகுதான் அக்கப்பலின் தலைவர் அவனுடைய தந்தை என்பது தெரியவருகிறது. அந்தப் பக்கத்தைக் கடந்து உடனே மேலே படிக்க என்னால் இயலவில்லை. டார்பிடோவைக் கையாண்ட ஒருவர் எழுதிய காட்சி அது.

நெடுவழி (மறுமொழி):
அனுபவம் தீர்ந்துபோனது மட்டுமே காரணம் என்று நான் கருதவில்லை. புகழ் வந்ததும் 1957இல் சுவிட்சர்லாந்தில் குடியேறிய அவர், தம் நூல்கள் பெயருக்காக விற்கின்றனவா, தரத்துக்காகவா என்று அறிய ‘இயன் ஸ்டூவர்ட்’ என்ற புனைபெயரில் இரண்டு நாவல்கள் எழுதிப் பார்த்தார். 1963க்குப் பின் எழுத்தையே விட்டுவிட்டுச் சில ஆண்டுகள் இங்கிலாந்தில் விடுதிகள் நடத்தினார். திரும்பி வந்தபின் திரைப்படம் அவரை ஈர்த்துக்கொண்டது: ‘வேர் ஈகிள்ஸ் டேர்’ முதலில் திரைக்கதையாகவே எழுதப்பட்டது. அதன்பின் மாந்தர்கள் சுருங்கி, உரையாடலும் திருப்பங்களும் மிஞ்சின; மதுப்பழக்கமும் அவரை வருத்தியது. ஆயினும் 1966இல் வந்த ‘வென் எய்ட் பெல்ஸ் டோல்’ நாவலை ஒதுக்கிவிடாதீர்கள். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், தம் சொந்த நிலத்து மழையிலும் மூடுபனியிலும் நடக்கும் கதை என்பதாலோ என்னவோ, பழைய மெக்லீன் அதில் முழுமையாகத் தென்படுகிறார்.

ஏடுதேடி:
இருவருக்கும் மிக்க நன்றி. அடுத்து ‘யுலிசிஸ்’ படிக்கலாம் என்றிருக்கிறேன். அதன்பின் எது?

கரையோரம்:
1958இல் வந்த ‘சவுத் பை ஜாவா ஹெட்’. 1942இல் சிங்கப்பூர் வீழும் வேளையில் தொடங்கும் கதை; போரின் இறுதி ஆண்டில் ‘ராயலிஸ்ட்’ கீழைக் கடல்களுக்கு அனுப்பப்பட்டபோது மெக்லீனும் அதில் இருந்தார்.