புதுப்பிப்பு: கீழ்வீட்டுச் சுவரில் ஈரம், காரணம் கிடைத்தது

மடிப்பாக்கத்தில் நாங்கள் வாடகைக்கு விட்டிருக்கும் கீழ்ப்போர்ஷனின் படுக்கையறைச் சுவரில் பெயின்ட் உரிகிறது, செலவு யாருடையது என்று ஜூனில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மொட்டை மாடிக்கு வாட்டர்ப்ரூஃபிங் போடச் சொன்னவர்கள்தான் அதிகம். நல்லவேளை, அதை முதலில் செய்யவில்லை. மழையே இல்லாத வாரத்திலும் ஈரம் ஏறியது. சுவருக்குள் போகும் குழாய் ஒழுகுகிறதோ என்று, மேல்தொட்டி வால்வைத் திறந்தே வைத்து, எல்லா டேப்பையும் ஒரு இரவு முழுக்க மூடிப் பார்த்தோம். தொட்டியில் தண்ணீர் குறையவில்லை, அதனால் குழாய் காரணமில்லை.

கைகொடுத்தது, சொட்டு நீலம் கலந்து ஊற்றிப் பாருங்கள் என்று ஒரு அண்ணன் சொன்ன யோசனை. எங்கள் மாடிக் குளியலறைத் தரை வடிகாலில் அரை வாளி நீலத் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் காலை கீழ்வீட்டு அக்கா கூப்பிட்டுக் காட்டினார்: சுவர் மூலையில் விரல் அகலத்துக்கு வெளிர்நீலக் கறை. நஹானி டிராப்பை (தரை வடிகாலுக்கு அடியில் பதித்திருக்கும் கிண்ணம் போன்ற பகுதி) சுற்றியிருந்த சிமென்ட் பூச்சு விட்டுப்போயிருந்தது. நான்கு டைல்ஸ் உடைத்துச் சரிசெய்து, 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்தோம். ஒழுகவில்லை. செலவு 6,800 ரூபாய்.

எதிர்பாராதது, சுவர் காய ஐந்து வாரம் ஆனது. அதற்குமுன் பெயின்ட் அடித்திருந்தால் மறுபடி உரிந்திருக்கும்.

செலவு என்னுடையதுதான். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி கட்டமைப்புப் பழுது, குழாய் மாற்றம், வெள்ளையடிப்பு உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர் போன்றவை குடியிருப்பவருடையவை. அட்வான்ஸில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை.