'ரிசஷன்' என்ற சொல் எங்கிருந்து வந்தது? 'மந்தநிலை' என்றாலும் அதுதானா?

கேள்வி:
2008-இல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தேன். அமெரிக்க ஆர்டர் குறைய ஆரம்பித்ததும் டீக்கடை வரைக்கும் 'ரிசஷன்' என்ற பேச்சுதான். பேப்பரில் அதையே மந்தநிலை என்று போட்டார்கள். இப்போது மகள் பதினொன்றாம் வகுப்பில் பொருளியல் படிக்கிறாள், ரிசஷனுக்கும் டிப்ரஷனுக்கும் என்ன வித்தியாசம், இந்தப் பெயரெல்லாம் எப்படி வந்தது என்று கேட்கிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
லத்தீனில் 'பின்வாங்குதல்' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் பழைய சொல்தான், ஆனால் பொருளாதாரச் சரிவுக்கு அதைச் சொல்ல ஆரம்பித்தது 1929 வாக்கில். அதற்கு முன் 'பேனிக்', அதாவது பீதி என்பார்கள். 1873, 1893, 1907 சரிவுகளுக்கெல்லாம் இன்றும் அதுதான் பெயர், வங்கி வாசலில் பணத்தை எடுக்க ஜனங்கள் முண்டியடித்ததை நினைத்தால் பொருத்தமான பெயர். டிப்ரஷன் என்றால் வெறும் பள்ளம், கேட்க மென்மையாகத்தான் இருந்தது. 1933-இல் அமெரிக்காவில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை என்றானதும் அந்தச் சொல்லே பயமாகிவிட்டது, அதனால் 1937-இல் மறுபடி சரிந்தபோது ரிசஷன் என்றார்கள். பட்டினி கிடந்தவனுக்கு எந்தப் பெயராக இருந்தால் என்ன என்றுதான் எனக்குத் தோன்றும். 1978-இல் அமெரிக்க அதிபர் கார்ட்டரின் ஆலோசகர் ஆல்ஃபிரட் கான், டிப்ரஷன் வரலாம் என்று சொன்னதற்குக் கண்டிக்கப்பட்டு, அப்புறம் அதற்குப் பதிலாக 'வாழைப்பழம்' என்றே பேசினார்!

பதில் 2:
தமிழ்ப் பக்கம் நான் சொல்கிறேன். மந்தம் வடசொல், மெதுவானது என்று பொருள். மெதுவாக நகர்வதால் சனிக்கு மந்தன் என்று பெயர், வயிறு மந்தம் என்கிறோமே அதுவும் இதுதான். இந்திக்காரர்கள் 'மந்தீ' என்பார்கள். ஆனால் வளர்ச்சி 7 சதவீதத்திலிருந்து 5 ஆனாலும் மந்தம்தான், உற்பத்தியே சுருங்கினாலும் மந்தம்தான் என்று எழுதினால் படிக்கிறவருக்கு எப்படிப் புரியும்? இரண்டாவதற்குப் 'பின்னடைவு' என்று தனியாக எழுத வேண்டும், மூலச் சொல்லின் பொருளும் அதுதானே.

பதில் 3:
பரீட்சைக்கு: தொடர்ந்து இரண்டு காலாண்டு உற்பத்தி குறைந்தால் ரிசஷன், ஆழமாகி வருடக்கணக்கில் நீடித்தால் டிப்ரஷன். அந்த இரண்டு காலாண்டுக் கணக்கு 1974-இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஜூலியஸ் ஷிஸ்கின் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையால் பரவியது, சட்டம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் ஒரு பொருளியலாளர் குழுதான் முடிவு செய்கிறது. 2020-இல் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, இரண்டே மாதத்தை ரிசஷன் என்றார்கள். 2022-இல் முதலில் வந்த கணக்குப்படி இரண்டு காலாண்டும் இறங்கியிருந்தது, ஆனாலும் அப்படி அறிவிக்கவில்லை, வேலைவாய்ப்பு கூடிக்கொண்டே இருந்ததே.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. மகளிடம் அப்படியே படித்துக் காட்டினேன், 'பின்னடைவு' என்றே நோட்டில் எழுதிக்கொண்டாள்.