ரிப்போர்ட் கொடுத்து மூன்று மாதம், கடிதத்துக்கும் பதில் இல்லை

அப்பாவின் மோட்டார் சைக்கிள் திருடு போய் மூன்று மாதம் ஆகிறது. ஹோண்டா இஎக்ஸ் 5, நீலம், 2014. மலேசியாவில், பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சின்ன டவுன். விடியற்காலை லயத்து வீட்டு வாசலிலேயே தூக்கிவிட்டார்கள். அன்றே பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) ரிப்போர்ட் கொடுத்தோம்.

விசாரணை அதிகாரிக்கு நான்கு முறை போன் செய்தேன். முதலில் ‘விசாரணையில் இருக்கிறது’ என்றார், அப்புறம் எடுப்பதே இல்லை. நேரில் போனால், மாவட்டத் தலைமையகத்துக்குப் போகச் சொல்கிறார்கள். 40 கிலோமீட்டர். மோட்டார் இருந்தால் போகலாம்!

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு இதற்கென்றே இருக்கிறது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால், புகார் கொடுத்து நான்கு வாரம் கடந்ததும் விசாரணை நிலையைக் கேட்கலாம். இரண்டு வாரத்தில் பதில் தர வேண்டும். ரிப்போர்ட் எண் போட்டு மலாயில் கடிதம் கொடுத்தேன், நகலில் முத்திரையும் வாங்கினேன். ஐந்து வாரம் ஓடிவிட்டது.

பதில் வராவிட்டால் அரசு வழக்கறிஞரிடம் முறையிடலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 2023 ஜூலையில் தொடங்கிய போலீஸ் நடத்தை ஆணையத்துக்குப் போ என்கிறான் தம்பி. யாரையும் தண்டிக்க வேண்டாம், மோட்டார் என்னாச்சு என்று தெரிந்தால் போதும்.

அரசு வழக்கறிஞருக்கு இப்படி எழுதியவர்கள் யாராவது இருந்தால், கடிதத்தோடு என்னென்ன இணைத்து எங்கே அனுப்பினீர்கள்?