புதுப்பிப்பு: பனி ரேடாரில் நகராத கோடும் 30 செ.மீ. கூடுதல் ஆழமும் – தீர்ந்தது

சென்ற மாதம் கேட்டிருந்தேன்: கொலராடோ மலையில் நிறுத்திய, ரேடியோ அலை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துப் பனியின் ஆழத்தை அளக்கும் என் ரேடார், 120 செ.மீ. பனியை 150 என்று காட்டுகிறது. எங்கு வைத்தாலும் ஒரே தூரத்தில், படத்தில் நகராத கோடாக ஒரு பொய் எதிரொலி வேறு. யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

ஆழப் பிழை என் கவனக்குறைவுதான். பனிக்குள்ளும் அலை காற்றில் செல்லும் வேகத்திலேயே செல்வதாகக் கணக்கிட்டிருந்தேன். "குழி வெட்டி அடர்த்தியை எடை போடுங்கள்" என்ற நண்பர் சொன்னதே சரி. அடர்த்தி 0.3 கிராம்/க.செ.மீ. வந்தது, உலர்பனியில் அதற்கு ஒளிவிலகல் எண் (காற்றைவிட அலை எத்தனை மடங்கு மெதுவாகச் செல்கிறது என்பது) சுமார் 1.25. 150-ஐ 1.25-ஆல் வகுத்தால் 120. இதை அடர்த்தியால் பெருக்கினால், அத்தனை பனியும் உருகினால் கிடைப்பது 36 செ.மீ. நீர்.

பொய் எதிரொலி, அனுப்பும் ஆன்டெனாவிலிருந்து பெறும் ஆன்டெனாவுக்கு நேரடியாகக் கசிந்த அலை. ஆன்டெனாக்களை, எதிரொலி வராத வானத்தை நோக்கித் திருப்பிக் கசிவை மட்டும் ஓர் அளவு எடுத்து, அதைக் கட்டத்தோடு (phase, அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பது) சேர்த்துப் பனி அளவிலிருந்து கழிக்கச் சொன்னீர்கள். முதலில் பலிக்கவில்லை! ஆய்வகத்தின் கதகதப்பில் எடுத்த அளவு, மலைக்குளிரில் கேபிளின் கட்டம் மாறியதால் பொருந்தவில்லை. அதே இடத்தில், கருவி குளிர்ந்த பிறகு எடுத்ததும் கோடு மறைந்தது.

எதிர்பாராதது ஒன்று: வெயிலேறிய பிற்பகலில் தரையின் எதிரொலியே காணாமல் போனது. கருவி கெட்டுவிட்டதென்று ஒரு மணி நேரம் திருகாணிகளோடு மல்லுக்கட்டினேன். மேற்பனி உருகி, ஈரம் அலையை விழுங்கியிருக்கிறது. மறுநாள் விடியலுக்கு முன் எடுத்தபோது தரை தெளிவாகத் தெரிந்தது.