கிட்டாரின் சிறு பாகங்களை மாற்றினால் நாதம் மாறுமா?

கேள்வி (வேளச்சேரி):
என் ஸ்ட்ராட் வகை மின் கிட்டாரில் பித்தளை சேடில்களும் (உடற்பகுதியில் தந்திகளைத் தாங்கும் துண்டுகள்) எலும்பு நட்டும் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் பதியும் பள்ளப் பட்டை) பொருத்தினால் நாதம் செழுமையாகும் என்கிறார் கடைக்காரர். எட்டாயிரம் ரூபாய்ச் செலவுக்கு அது தகுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி (மயிலாப்பூர்):
ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) விரல் பதிந்ததும் தந்தி அதிர்வது அந்த ஃப்ரெட்டிலிருந்து சேடில் வரைதான் என்பதால், நட்டின் பொருள் பெரும்பாலும் விரல் பதிக்காத திறந்த தந்தியில் மட்டுமே காதுக்கு எட்டும். ஆனால் நட்டின் பள்ளம் சரியாக வெட்டப்படாவிட்டால் சுருதி நிற்காது. என் கிட்டாரில் ஜி தந்தி 'டிக்' என்ற ஒலியோடு சிக்கிச் சுருதி விலகிக்கொண்டிருந்தது. பள்ளத்தில் பென்சில் கரியைத் தடவியதும் அது நின்றது.

மறுமொழி (திருவான்மியூர்):
கடற்காற்றில் சேடில் திருகுகள் துருவேறி இறுகிவிட்டதால் நான் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறினேன். நாதம் மாறியதாகச் சத்தியம் செய்ய மாட்டேன். மாற்றம் தெளிவாகக் கேட்க வேண்டுமானால், 250 கிலோ ஓம் வால்யூம் பாட் (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் மாறு மின்தடை) ஒன்றை எடுத்துவிட்டு, மின்னணுப் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவில் தேடி 500 கிலோ ஓம் ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். சிங்கிள் காயில் பிக்கப்பின் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் ஒற்றைச் சுருள்) உச்ச ஒலிகள் கூர்மையாகும். சிலருக்கு அது கீச்சென்றும் படும்.

கேள்வி கேட்டவர்:
தந்தி மாற்றியே எட்டு மாதமாகிறது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதலில் அதை மாற்றுகிறேன்.