பயண நினைவுகளை நிலையச் சுவரில் வரைவது எப்படி?

கேள்வி:
ஒரு ரயில் நிலையத்தின் சுரங்கப்பாதைச் சுவருக்கு எங்கள் ஓவியர் குழு படைப்பொன்றைத் திட்டமிட்டு வருகிறது. பயணிகள் எழுதித் தந்த பயண நினைவுகளே அதன் கரு. அவை எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும் என்று சிலரும், ஒன்றிரண்டை மட்டும் எடுத்துப் பெரிதாக வரையலாம் என்று சிலரும் சொல்கிறார்கள். எது பொருந்தும்?

மறுமொழி 1:
சுரங்கப்பாதையில் நடப்பவர் சுவரைப் பார்ப்பது சில நொடிகள்தான் என்பதால், ஒன்றிரண்டு நினைவுகளே போதும் என்பேன். பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸின் பூர்ஸ் மெட்ரோ நிலையத்தில் 1978 முதல் இருக்கும் பெல்ஜிய ஓவியர் பால் டெல்வோவின் ஓவியம், அந்நகரின் பழைய டிராம் வண்டிகளை மட்டுமே கருவாகக் கொண்டது. அவற்றில் ஏறிச் சென்றவர்களுக்கு மற்றவை தாமாகவே நினைவுக்கு வந்துவிடும். எல்லாருக்கும் இடம் கொடுப்பது நியாயமாகத் தோன்றினாலும், கடைசியில் எவருடைய நினைவும் கண்ணில் நிற்காத சுவர்தான் மிஞ்சும்.

மறுமொழி 2:
இதை முழுவதுமாக ஏற்க முடியவில்லை. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரிலுள்ள சாவ் பென்டோ ரயில் நிலைய மண்டபத்தில் ஓவியர் ஜோர்ஜ் கொலாசோ ஏறத்தாழ 20,000 சுவர் ஓடுகளில் (டைல்ஸ்) போர்க்காட்சிகளையும் நாட்டுப்புற வாழ்க்கையையும் தீட்டியிருக்கிறார். ஆயினும் அது நெரிசலாகத் தெரிவதில்லை. பெரிய காட்சிகளை நீலத்திலும் வெள்ளையிலும் அடக்கி, போக்குவரத்தின் வரலாற்றை மட்டும் மேலே ஒரு பல வண்ணப் பட்டையாக ஓடவிட்டதே அதற்குக் காரணம். ஆனால் அது மக்கள் நின்று காத்திருக்கும் மண்டபம், உங்களுடையதோ கடந்து போகும் பாதை என்பதை மறுக்கவில்லை.

மறுமொழி 3:
கருவைப் போலவே, எந்த மூலப்பொருளில் செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஈரமும் தூசியும் கைபடுதலும் வண்ணப்பூச்சை விரைவில் கெடுத்துவிடும்; மெருகேற்றிய ஓடும், சிறு வண்ணச் சில்லுகளைப் பதித்து உருவாக்கும் மொசைக்கும் கழுவத் தாங்கும். நியூயார்க்கின் டைம்ஸ் ஸ்கொயர் நிலையத்தில் அமெரிக்க ஓவியர் ஜேக்கப் லாரன்ஸின் ரயில் பயணக் காட்சி, அவர் 2000இல் மறைந்த பிறகு, 2001இல் மொசைக்காகப் பதிக்கப்பட்டது. அழுத்தமான வண்ணப் பரப்புகளால் ஆன அவருடைய பாணி அதற்கு இயல்பாகவே இணங்கியது. பயணிகளின் கையெழுத்தை அப்படியே பதிக்கும் எண்ணம் இருந்தால், மொசைக் சில்லுகளில் மெல்லிய கோடுகள் உடைந்து போகும் என்பதை நினைவில் வையுங்கள். அதற்கு ஓடே ஏற்றது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இரண்டு நினைவுகளை மட்டும் ஓட்டில் பெரிதாகத் தீட்டி, மற்றவற்றிலிருந்து ஒவ்வொரு வரியை எடுத்து மேற்பட்டையில் எழுதலாம் என்று குழுவிடம் சொல்லப் போகிறேன்.

மறுமொழி 1:
அந்த வரிகள் கண்மட்டத்துக்கு மிக மேலே போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடந்துகொண்டே அண்ணாந்து படிக்க முடியாது.